வாங்கிய கேம் யாருடையது? பிசி, கன்சோல், எமுலேட்டர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக மெஷின் வாங்கப்போகும் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்டவை இவை. பல வருடங்களாக இதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், ஒரு தடவை உட்கார்ந்து முழுதாக எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

1. பிசியா, கன்சோலா? எது வாங்கணும்னு நேரா சொல்லிடுங்க.

டிவி முன்னால் உட்கார்ந்து, பட்டனை அழுத்தியதும் விளையாட வேண்டும், வேறு எதைப் பற்றியும் யோசிக்கக் கூடாது என்றால் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போன்ற கன்சோல். அதே மெஷினில் படிப்பும் வேலையும் நடக்க வேண்டும், செட்டிங்ஸைக் கிளறிப் பார்ப்பதும் பிடிக்கும் என்றால் பிசி. அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு: உங்கள் நண்பர்கள் எதில் ஆடுகிறார்கள், நீங்கள் ஆசைப்படும் கேம் எதில் வருகிறது. புதிய மாரியோ வேண்டுமென்றால் நின்டெண்டோ மெஷினைத் தவிர வேறு வழி கிடையாது.

படத்தின் தெளிவு, வேகம் இவற்றையெல்லாம் விட நான் பெரிதாக நினைக்கும் வித்தியாசம் வேறு. கன்சோலில் கடை ஒன்றுதான், அதன் சாவி மெஷினைச் செய்த நிறுவனத்திடம் இருக்கிறது. பிசியில் கடைகள் பல, எந்தக் கடையும் இல்லாமலும் ஒரு கேமை வைத்துக்கொள்ள முடியும். ஒரு கேம் தொடங்குவதற்கு முன் யாரிடம் அனுமதி கேட்கிறது என்று பாருங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

2. பிசின்னா செலவு அதிகம்னு சொல்றாங்களே?

வாங்கும் நாளில் அதிகம்தான். கன்சோலை நிறுவனங்கள் மிகக் குறைந்த லாபத்துக்கோ, சில சமயம் நஷ்டத்துக்கோ விற்று, அதைக் கேம் விற்பனையிலும் சந்தாவிலும் எடுத்துவிடுகின்றன. பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் காசு கொடுத்து வாங்கிய பெரும்பாலான கேம்களை ஆன்லைனில் மற்றவர்களோடு ஆடத் தனியாகச் சந்தா கட்ட வேண்டும். பிசியில் அந்தச் சந்தா கிடையாது. அதனால் முதல் நாள் விலையை மட்டும் பார்க்காமல் ஐந்து வருடக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு இரண்டு கேம் வாங்குபவருக்கும் இருபது வாங்குபவருக்கும் விடை ஒன்றாக இருக்காது.

3. பிசில ஒரு கேம் ஓடுமா ஓடாதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

கேமின் பக்கத்தில் ‘குறைந்தபட்சம்’, ‘பரிந்துரை’ என்று இரண்டு பட்டியல் இருக்கும். குறைந்தபட்சத்தை நம்பி வாங்காதீர்கள், பரிந்துரையைப் பாருங்கள். ஸ்டீம் என்ற பிசி கேம் கடையில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த 2 மணி நேரத்தில் கதையை ரசிக்காமல், கூட்டமான இடம், சண்டை நடக்கும் இடம் என்று மெஷின் திணறக்கூடிய பகுதிகளைத் தேடிப்போய்ப் பாருங்கள்.

4. ஸ்டீம் டெக் மாதிரி கையில வச்சு ஆடுறதெல்லாம் பிசியா கன்சோலா?

பிசிதான். 2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக் உள்ளே லினக்ஸில் ஓடுகிறது. விண்டோஸுக்காக எழுதிய கேமை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும் வேலையைப் புரோட்டான் என்ற அடுக்கு செய்கிறது. ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் உள்ள சில ஆன்லைன் கேம்கள் மட்டும் அதில் ஓடாது. வாங்குமுன் அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

5. டிஜிட்டல்ல காசு குடுத்து வாங்கினா அது என்னுதுதானே?

இல்லை. நீங்கள் வாங்குவது அந்தக் கேமை ஆடுவதற்கான உரிமம். கேம் உங்கள் பொருள் ஆகிவிடுவதில்லை. இது எப்போதும் ஒப்பந்தத்தின் நடுவில் பொடி எழுத்தில் இருந்ததுதான். கலிஃபோர்னியா மாநிலம் 2024-இல் ஒரு சட்டம் போட்டது: பிற்பாடு பறிபோகக்கூடிய டிஜிட்டல் சரக்கை விற்பவர், இது உரிமம் மட்டுமே என்று வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் அது அமலில் இருக்கிறது. அதற்குச் சில மாதங்கள் முன்பே, 2024 அக்டோபரில், ஸ்டீம் தன் பணம் கட்டும் பக்கத்தில் இதை ஒரு வரியாகப் போட்டுவிட்டது. அந்த வரியைப் பார்த்துத்தான் பலர் பதறிப்போய் என்னிடம் வந்தார்கள்.

உரிமம் என்ற சொல்லைவிட, அது நடைமுறையில் என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம். டிஜிட்டல் கேம் மூன்று இடங்களில் உங்களை நிறுத்திக் கேட்கலாம். முதலில் டவுன்லோட் செய்யும்போது: கடையின் சர்வர் உயிரோடு இருக்க வேண்டும். அடுத்து தொடங்கும்போது: இந்தக் கணக்குக்கு உரிமை உண்டா என்று சோதிக்கலாம். அப்புறம் ஆடும்போது: சில கேம்கள் தனியாளாக ஆடினாலும் நிறுவனத்தின் சர்வரோடு பேசிக்கொண்டே இருக்கும். இந்த மூன்றில் எத்தனை உங்கள் கேமில் இருக்கிறதோ, அந்த அளவுக்கு அது அடுத்தவர் கையில் இருக்கிறது.

6. அப்ப நாளைக்கே என் கேமைத் தூக்கிடுவாங்களா?

கடை அலமாரியிலிருந்து எடுப்பது வேறு, உங்களிடமிருந்து எடுப்பது வேறு. பெரும்பாலும் நடப்பது முதலாவது. ஆலன் வேக் என்ற கேம் 2017 மே மாதம் விற்பனையிலிருந்து போனது, உள்ளே வரும் பாட்டுகளின் உரிமம் முடிந்ததுதான் காரணம். அதற்கு முன் வாங்கியவர்கள் தொடர்ந்து டவுன்லோட் செய்ய முடிந்தது. அடுத்த வருடமே உரிமத்தைப் புதுப்பித்து மறுபடி விற்பனைக்கு வந்தது. நின்டெண்டோ 3டிஎஸ், வீ யூ என்ற இரண்டு கன்சோல்களின் கடைகளும் 2023 மார்ச் 27-இல் மூடின. புதிதாக எதுவும் வாங்க முடியாது, ஏற்கெனவே வாங்கியதை இறக்கிக்கொள்ளும் வழியைத் திறந்து வைத்தார்கள்.

இன்னொரு வகையும் உண்டு. 2014-இல் பிளேஸ்டேஷன் 4-க்கு இலவசமாக வந்த பி.டி. என்ற திகில் கேம் டெமோவை அடுத்த வருடம் எடுத்தபோது, முன்பு இறக்கியவர்களால்கூடத் திரும்ப இறக்க முடியாமல் போனது. அதைச் சுமந்திருக்கும் பழைய கன்சோலைச் சிலர் இன்னமும் அழிக்காமல் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் வலித்தது தி க்ரூ. 2014-இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட கார்ப் பந்தய கேம் அது, முழு அமெரிக்காவையும் சுருக்கிக் கட்டிய சாலைகள். தனியாக ஓட்டினாலும் சர்வர் வேண்டும். 2024 மார்ச் 31-இல் சர்வரை நிறுத்தினார்கள். டிஜிட்டலில் வாங்கியவருக்கும் போனது, டிஸ்க் வைத்திருந்தவருக்கும் போனது. 5-ஆவது பதிலில் சொன்ன மூன்றாவது தடை இதுதான். இதிலிருந்துதான் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம் பிறந்தது. எந்த கேமையும் காலம் முழுக்க நடத்தச் சொல்லி அவர்கள் கேட்கவில்லை. நிறுத்தும்போது, வாங்கியவர்கள் தாங்களாகவே ஓட்டிக்கொள்ளும் நிலையில் விட்டுவிட்டுப் போங்கள் என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அவர்கள் கொடுத்த மனு 2025-இல் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. அந்தக் கோரிக்கை நியாயம் என்றே நானும் நினைக்கிறேன்.

7. டிஸ்க் வாங்கிட்டா இந்தத் தலைவலியே இல்லையே?

பாதி சரி. டிஸ்கை இரவல் கொடுக்கலாம், விற்கலாம், கடை மூடினாலும் அது அலமாரியில் இருக்கும். ஆனால் டிஸ்க் என்ற பேரில் வருவதெல்லாம் முழு கேம் ஆகாது. சிலவற்றில் கேமின் ஒரு பகுதிதான் இருக்கும், மீதி டவுன்லோட். 2025 ஜூனில் வந்த நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோலில் ‘கேம்-கீ கார்டு’ என்று ஒரு வகை இருக்கிறது: கார்டுக்குள் கேமே கிடையாது, சாவி மட்டும்தான். முதல் தடவை இணையத்திலிருந்து இறக்கித்தான் ஆக வேண்டும். நல்ல வேளை, பெட்டியின் முன்பக்கத்திலேயே அதைச் சொல்லிவிடுகிறார்கள், படித்துவிட்டு வாங்குங்கள்.

பிசி டிஸ்குக்கு வேறு ஒரு சிக்கல். 2000-களின் தொடக்கத்தில் வந்த பல கேம்களில் சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்பு இருந்தது. டிஸ்கில் ஒரு கீறல் இருக்காது, டிரைவ் சுற்றும், இன்ஸ்டாலும் ஆகும், ஐகானைத் தட்டினால் மட்டும் ஒன்றும் நடக்காது. அந்தத் தடுப்பு வேலை செய்ய விண்டோஸுக்குள் டிரைவர் என்ற துணை மென்பொருள் ஒன்று தேவை. அதில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் விண்டோஸ் 10 அதை ஏற்பதில்லை. நேர்மையாகக் காசு கொடுத்தவரைச் சோதிக்க வைத்த பூட்டு, பூட்டியபடியே துருப்பிடித்துப் போனது.

8. எமுலேட்டர்னா என்ன? அது திருட்டு சமாச்சாரம்தானே?

பழைய மெஷினின் சிப்புகள் என்னென்ன செய்யுமோ அதையெல்லாம் மென்பொருளில் செய்து காட்டும் புரோகிராம்தான் எமுலேட்டர். உள்ளே போடும் கேமுக்குத் தான் அந்தப் பழைய மெஷினில்தான் இருக்கிறோம் என்ற நினைப்பு. எமுலேட்டர் எழுதுவது தன்னளவில் திருட்டு ஆகாது. பிளேஸ்டேஷன் எமுலேட்டர் செய்த கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மேல் சோனி போட்ட வழக்கில், அமெரிக்காவின் 9-ஆவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-இல் கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. இன்று பெரிய நிறுவனங்களே தங்கள் பழைய கேம்களை எமுலேட்டரில் வைத்துத்தான் மறுபடி விற்கின்றன.

அப்படியானால் யூஸு ஏன் மூடியது என்று கேட்பார்கள். ஸ்விட்ச் எமுலேட்டரான யூஸுவின் மேல் 2024 பிப்ரவரியில் நின்டெண்டோ வழக்குப் போட்டது. அடுத்த மாதமே 24 லட்சம் டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு அதை மூடிவிட்டார்கள். அங்கே பிரச்சினை கேமின் மேல் போட்ட டிஜிட்டல் பூட்டை உடைப்பது பற்றியது. கனெக்டிக்ஸ் வழக்கில் அது இல்லை. அந்தக் காலத்தில் கேம் வந்த கார்ட்ரிட்ஜ் என்ற பிளாஸ்டிக் டப்பாக்களில் அப்படிக் குறியாக்கப் பூட்டு கிடையாது, இன்றைய கன்சோல்களில் எல்லாவற்றிலும் உண்டு. மெஷின் புதிதாக ஆக ஆகச் சட்டச் சிக்கலும் கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

9. என்கிட்ட ஒரிஜினல் கார்ட்ரிட்ஜ் இருக்கு. அப்ப ரோம் டவுன்லோட் பண்ணா தப்பில்லையே?

ரோம் என்பது கார்ட்ரிட்ஜில் இருக்கும் கேமின் நகல் ஃபைல். கார்ட்ரிட்ஜ் உங்களிடம் இருப்பதால், வேறு யாரோ அனுமதி இல்லாமல் பரப்பும் நகல் சட்டப்படி சரியாகிவிடாது. இணையத்தில் ஓடும் ‘24 மணி நேரம் வைத்திருந்து அழித்துவிட்டால் குற்றமில்லை’ என்பதும் வெறும் வதந்தி. உங்கள் கார்ட்ரிட்ஜிலிருந்து நீங்களே நகல் எடுத்துக்கொள்வதை நாட்டுக்கு நாடு வேறுவிதமாகப் பார்க்கிறார்கள், உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். அனுமதி உள்ள இடத்தில் நான் சொல்வது அந்த வழியைத்தான். யுஎஸ்பியில் செருகும் ரீடர்கள் கிடைக்கின்றன. ரோமோடு உங்கள் சேவும் (ஆட்டத்தில் நீங்கள் எட்டிய இடத்தின் பதிவு) சேர்ந்து வருகிறது என்பது பெரிய லாபம்.

சேவ் பற்றி அவசரமாகச் சொல்ல வேண்டும். என் பழைய கார்ட்ரிட்ஜ் ஒன்றைச் சென்ற வருடம் திறந்தேன். சாதாரண திருப்புளி நுழையாத திருகு, 3.8 மில்லிமீட்டர் தனி முனை வாங்கித்தான் கழற்ற முடிந்தது. உள்ளே உள்ளங்கையில் பாதி அளவு பச்சைப் போர்டு, மூன்று நான்கு சிப், ஓரத்தில் காசு மாதிரி ஒரு பேட்டரி, அதன் இரண்டு பக்கமும் தகடு வைத்துப் பற்றவைத்திருந்தது. கேம் தனி சிப்பில் பத்திரமாக இருக்கிறது. சேவ் மட்டும் அந்தப் பேட்டரியின் உயிரில் தொங்குகிறது. மீட்டரில் வைத்தபோது 3 வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் 1.2 காட்டியது. சேவ் எப்போதோ போய்விட்டிருந்தது. உங்களிடம் அந்தக் காலத்துக் கார்ட்ரிட்ஜ் இருந்தால், பேட்டரியைத் தொடுவதற்கு முன் சேவ் ஃபைலை வெளியே எடுங்கள். பேட்டரியைக் கழற்றிய நொடியே மிச்சமிருப்பதும் போய்விடும்.

10. பயாஸ் ஃபைல் கேக்குதே, அதை எங்கே எடுக்கிறது?

பயாஸ் என்பது கன்சோலைத் தட்டியதும் முதலில் விழித்துக்கொள்ளும் நிரல். அதற்கும் பதிப்புரிமை உண்டு, அதனால் 9-ஆவது பதில் இதற்கும் பொருந்தும்: உங்கள் கன்சோலிலிருந்து எடுக்க வேண்டும். பிளேஸ்டேஷன் 2-க்கான பிசிஎஸ்எக்ஸ்2 அது இல்லாமல் ஓடாது. பிளேஸ்டேஷன் 3-க்கான ஆர்பிசிஎஸ்3-க்கு வேண்டிய சிஸ்டம் மென்பொருளைச் சோனியே தன் தளத்தில் இறக்கிக்கொள்ள வைத்திருக்கிறது, அங்கே கவலை இல்லை.

11. பழைய கேம்தானே? என் கம்ப்யூட்டர் ஏன் திணறுது?

பழைய மெஷினில் பல சிப்புகள் ஒரே நேரத்தில், ஒன்றின் தாளத்துக்கு ஒன்று இசைந்து ஓடும். எமுலேட்டர் அதையெல்லாம் வரிசையாகச் செய்துவிட்டு, ஒரே நேரத்தில் நடந்தது போலக் காட்ட வேண்டும். எந்த அளவுக்கு நுணுக்கமாகத் தாளம் பிடிக்கிறதோ அந்த அளவுக்குச் சுமை. சூப்பர் நின்டெண்டோவின் பிராசஸர் அதிகபட்சம் 3.58 மெகாஹெர்ட்ஸ்தான். அதை நுணுக்கம் குறையாமல் நடித்துக் காட்ட 2011-இல் பிஎஸ்னெஸ் எமுலேட்டருக்கு 3 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர் தேவைப்பட்டது. ஏர் ஸ்டிரைக் பேட்ரோல் என்ற கேமில் விமானத்துக்குக் கீழே ஒரு நிழல் விழும். திரையில் ஒரு கோடு பாதி வரைந்துகொண்டிருக்கும்போதே குறுக்கே புகுந்து கேம் அதை உண்டாக்குகிறது. முழுக் கோட்டையும் ஒரேயடியாக வரையும் எமுலேட்டரில் நிழல் வராது, விமானம் எங்கே குண்டு போடுகிறது என்றே தெரியாது.

பிளேஸ்டேஷன் 3 வேறு ரகம். அதன் செல் பிராசஸரில் ஒரு முதன்மைக் கோரும் அதைச் சுற்றித் தனிப்பாணியில் வேலை செய்யும் துணைக் கோர்களும் இருக்கின்றன. சாதாரண பிசியில் அதற்கு இணையாக எதுவும் கிடையாது. அதனால் நல்ல பிராசஸர் வேண்டும், கிராஃபிக்ஸ் கார்டு அப்புறம்தான்.

12. சின்ன வயசுல ஆடின கேமை எமுலேட்டர்ல போட்டா படம் கரடுமுரடா இருக்கு, அழுத்தினா லேட்டா குதிக்குது. என் நினைவுதான் தப்பா?

உங்கள் நினைவு சரிதான். நீங்கள் அப்போது பார்த்தது பெட்டி டிவியில். சூப்பர் நின்டெண்டோ கேம்களின் படம் பெரும்பாலும் 256-க்கு 224 புள்ளி, அவ்வளவுதான். ஓவியர்கள் அந்த டிவியில் புள்ளிகள் ஒன்றோடு ஒன்று கசிந்து கலக்கும் என்று தெரிந்தே வரைந்தார்கள். சேகாவின் மெகா டிரைவ் கன்சோலில் வந்த முதல் சோனிக் கேமின் அருவியைப் பாருங்கள். இன்றைய திரையில் அது செங்குத்தான கோடு கோடாகத் தெரியும். அன்றைய மஞ்சள் வயர் இணைப்பில் அந்தக் கோடுகள் கலந்து, தண்ணீருக்குப் பின்னால் இருப்பதும் தெரிகிற மாதிரி ஆகிவிடும். எமுலேட்டரில் படத்தைப் பெட்டி டிவி மாதிரியே காட்டும் ‘சிஆர்டி ஷேடர்’ என்று ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள். படத்தின் விகிதத்தை 4:3-இல் வையுங்கள், அகலத் திரைக்கு இழுத்தால் எல்லாரும் குண்டாகத் தெரிவார்கள்.

தாமதத்துக்கு முதல் குற்றவாளி பெரும்பாலும் டிவிதான். படத்தை மெருகேற்றும் வேலையில் நேரம் எடுத்துக்கொள்ளும். ‘கேம் மோட்’ போட்டாலே பாதி சரியாகும். அடுத்தது புளூடூத் கன்ட்ரோலர், வயரில் மாற்றிப் பாருங்கள். அப்புறம், பல எமுலேட்டர்களை ஒரே இடத்தில் ஓட்டும் ரெட்ரோஆர்க்கில் ‘ரன்-அஹெட்’ என்ற வசதி இருக்கிறது. அது கேமை ஓரிரு ஃபிரேம் முன்னாலேயே ஓட்டிப் பார்த்து, அந்தப் படத்தை இப்போதே காட்டும். பிசிக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை, ஆனால் குதிப்பு உடனே கைக்கு வருகிறது. டக் ஹண்ட் போன்ற துப்பாக்கி கேம் மட்டும் பழைய துப்பாக்கியோடு புது டிவியில் வேலை செய்யாது. பெட்டி டிவியின் ஒளி திரையில் எப்போது, எப்படி விழும் என்பதை நம்பிச் செய்த கருவி அது.

13. சேவ் ஸ்டேட் இருக்கே, கேமுக்குள்ள எதுக்குத் தனியா சேவ் பண்ணணும்?

சேவ் ஸ்டேட் என்பது எமுலேட்டரின் மூளையை அந்த நொடியில் எடுத்த போட்டோ. எமுலேட்டரின் அடுத்த பதிப்புக்கு அது புரியாமல் போகலாம். கேமுக்குள் செய்யும் சேவ் அப்படியில்லை, வேறு எமுலேட்டருக்கும், சில சமயம் கார்ட்ரிட்ஜுக்கே கூடத் திருப்பிக் கொண்டுபோகலாம். இரண்டையும் செய்யுங்கள்.

14. மாசச் சந்தாவுல நூத்துக்கணக்குல கேம் கிடைக்குதே, அது போதாதா?

ஒரு தடவை ஆடி முடித்துவிட்டு நகர்பவருக்குத் தாராளமாகப் போதும். திரும்பத் திரும்ப ஆடுபவர் அதை நூலகம் மாதிரி நினைக்க வேண்டும்: புத்தகம் திரும்பப் போகும், எப்போது என்று நீங்கள் முடிவு செய்வதில்லை. கிளவுடில் ஆடுவது இன்னும் ஒரு படி தள்ளி, கேம் நிறுவனத்தின் சர்வரில் ஓடும், படம் மட்டும் இணையம் வழியாக வரும், உங்கள் வீட்டில் கேமின் ஒரு துண்டுகூட இருக்காது. கூகுளின் ஸ்டேடியா 2023 ஜனவரியில் மூடியபோது கேம்களுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அது நல்ல செயல்தான். ஆனால் அப்படிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஒப்பந்தம் இருந்ததாக நினைத்துவிடாதீர்கள்.

15. ஜிஓஜில வாங்கினா எல்லாம் சரியாயிடுமா?

பிரச்சினை நிறையவே குறையும். 2008-இல் பழைய கேம்களுக்காகத் தொடங்கிய கடை அது, நகல் தடுப்பு இல்லாமல் விற்கிறது. சட்டப்படி அங்கும் உரிமம்தான். ஆனால் இன்ஸ்டாலரை அப்படியே ஒரு ஹார்டு டிஸ்கில் எடுத்து வைத்துக்கொண்டால், 5-ஆவது பதிலில் சொன்ன டவுன்லோட் தடையும் கணக்குத் தடையும் அத்தோடு விலகிவிடுகின்றன. இணையமே இல்லாத கணினியிலும் இன்ஸ்டால் ஆகும். அதைச் செய்யாமல் ‘எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்’ என்று விட்டுவைத்தால் மற்ற கடைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வாங்கிய அன்றே இறக்கி, இரண்டு ஹார்டு டிஸ்கில் வையுங்கள். ஸ்டீமிலும் சில கேம்கள் ஸ்டீமைத் திறக்காமலே ஓடும், வெளியிட்டவரின் விருப்பம் அது.

16. கம்பெனிகளே பழைய கேமை விக்கும்போது எமுலேட்டர் எதுக்கு?

பெரும்பாலானவற்றை விற்பதில்லை என்பதுதான் பிரச்சினை. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான கேம்களை எடுத்து வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் ஓர் ஆய்வு செய்தது. அவற்றில் சுமார் 13 சதவீதம் மட்டுமே அப்போது கடையில் காசு கொடுத்து வாங்கக் கிடைத்தது. மீதி 87 சதவீதத்துக்குப் பழைய மெஷினையும் பழைய டிஸ்கையும் தேடிப் பிடிக்க வேண்டும், அல்லது ஆவணக் காப்பகத்துக்கு நேரில் போக வேண்டும், இல்லையென்றால் அனுமதியில்லாத நகல்.

விற்கப்படாத கேம்களை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்து பார்க்க நூலகங்களை அனுமதியுங்கள் என்று பழைய கேம்களைப் பாதுகாக்கப் பாடுபடுகிறவர்கள் கேட்டார்கள். 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. இது என்னை உண்மையாகவே வருத்துகிறது. கலைஞர்கள் வருடக்கணக்கில் உழைத்துச் செய்ததை விற்கவும் மாட்டோம், நூலகத்தில் பார்க்கவும் விட மாட்டோம் என்றால், அதைக் காப்பாற்றுவது எமுலேட்டர் எழுதுகிறவர்களும் டிஸ்குகளை ஒவ்வொன்றாகப் பிரதி எடுத்துச் சரிபார்க்கிறவர்களும்தான். கடையில் கிடைக்கும் கேமைக் கடையில் வாங்குங்கள், அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. கிடைக்காத 87-க்குத்தான் நான் வாதாடுகிறேன்.

17. எனக்கு அப்புறம் என் கேமெல்லாம் பிள்ளைங்களுக்குப் போகுமா?

ஸ்டீம் ஒப்பந்தப்படி கணக்கை இன்னொருவருக்கு விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ முடியாது. உயில் எழுதினாலும் கணக்கு மாறாது. டிஸ்கும் கார்ட்ரிட்ஜும் மற்ற பொருள்களைப் போலவே கைமாறும்.

நான் செய்திருப்பதைச் சொல்கிறேன். மறுபடி மறுபடி ஆடுகிற கேம்களை மட்டும் பட்டியல் போட்டேன், முப்பத்திரண்டு வந்தது. அவற்றில் பத்தொன்பதை இன்ஸ்டாலராகவோ டிஸ்காகவோ கையில் வைத்துக்கொள்ள முடிந்தது. பதினொன்று கணக்குக்குள் மாட்டியிருக்கின்றன. இரண்டு சர்வர் இல்லாமல் ஓடாதவை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் எது எங்கே இருக்கிறது, எந்த மெஷினில் ஓடும் என்று எழுதி, அந்தத் தாளை ஹார்டு டிஸ்க் வைத்திருக்கும் டப்பாவுக்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறேன். வருடத்துக்கு ஒரு தடவை டிஸ்கைச் செருகி, இரண்டு மூன்று கேமைத் திறந்து பார்த்து, தாளில் தேதி போடுகிறேன்.